ஏடு தொடக்கிய மறுநாள்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே, பட்டிப்பொலவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



விஜயதசமிக் காலையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மூடுபனி இன்னும் மலையை விட்டு இறங்காத நேரம். லயங்களிலிருந்து தாய்மார் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, குளிருக்குச் சால்வையால் மூடிக் கோயிலுக்குத் தூக்கி வருகிறார்கள். தட்டிலே பச்சரிசி பரப்பியிருக்கிறது. ஐயர் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியிலே ‘அ’ என்று எழுதுவிக்கிறார். சில பிள்ளைகள் வீரிட்டு அழும். சில, எழுதிய அரிசியை அள்ளி வாயிலே போடும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால், பெற்ற தாயின் கண்ணைப் பார்த்தால் அங்கே நீர் நிற்கும். தன் கை பிடிக்காத எழுதுகோலைத் தன் பிள்ளையின் கை பிடிக்கும் என்ற நம்பிக்கையின் கண்ணீர் அது.

நாம் இன்று பேச வந்தது அந்த நாளைப் பற்றியன்று. அதற்கு மறுநாளைப் பற்றி.

மறுநாட் காலை அந்தத் தாய் பெரட்டுக்களத்துக்குப் போகவேண்டும். பிள்ளையைப் பிள்ளை மடுவத்திலே விட்டுவிட்டுக் கூடையை எடுக்கவேண்டும். தோட்டத்திலே பேர் பதியாமல் மரக்கறித் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போகிறவளாயின், பிள்ளையை அம்மாயியிடமோ, அல்லது பாடசாலைக்குப் போகவேண்டிய அக்காளிடமோ விட்டுச் செல்வாள். ஏடு தொடக்கிய பிள்ளைக்கு வயது மூன்று. அரசாங்கப் பாடசாலையின் கதவு திறப்பதோ ஐந்து வயது நிறைந்த பின்னர். இடையிலே இரண்டு ஆண்டுகள் கிடக்கின்றன. கோயிலிலே நாம் பிடித்த அந்தச் சுட்டுவிரலை இந்த இரண்டு ஆண்டுகளும் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? இதுவே நமது கேள்வி.

நம்முடைய பட்டிப்பொல, கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே நிற்கும் ஊர். இலங்கையிலே இதனினும் உயரத்தில் வேறு புகையிரத நிலையம் இல்லை. இத்தனை உயரத்துக்குப் புகையிரதத்தை ஏற்றிவிட்டார்கள்; அந்தப் பாதையை வெட்டிய, அதன் இருமருங்கும் தேயிலை நட்ட மக்களின் பிள்ளைகள் மாத்திரம் முதலாம் தரத்தின் முதற்படியிலேயே மூச்சு வாங்கி நிற்பானேன்? பிள்ளைக்கு மூளை இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிறக்கும்போது மனித மூளை, வளர்ந்தவருடைய மூளையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே இருக்கிறது என்றும், ஆறு வயதளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது என்றும் விஞ்ஞானம் கூறுகிறது. ஆகவே பாடசாலை வாசலுக்குப் பிள்ளை வரும்போதே கட்டடத்தின் பெரும்பகுதி எழுந்துவிட்டது. அத்திவாரம் போட்ட காலத்தில் நாம் எங்கே இருந்தோம் என்று கேட்பதே நியாயம்.

பிள்ளை மடுவம் எதற்காகத் தோன்றியது? மனம் நோகாமல் கேளுங்கள். பிள்ளைக்காகத் தோன்றியதன்று. தாயின் இரண்டு கைகளும் கொழுந்துக்கு வேண்டியிருந்தன. இடுப்பிலே பிள்ளை இருந்தால் ஒரு கை குறைந்துபோகும். அந்தக் கையை மீட்பதற்காகவே மடுவம் எழுந்தது. கூரையும், ஏணையும், ஓர் ஆயாவும் இருந்தால் போதும் என்று கருதப்பட்டது. பிள்ளை விழாமல் இருக்கவேண்டும். நெருப்பிலே கை வைக்காமல் இருக்கவேண்டும். தாய் திரும்பும்வரை உயிரோடு இருக்கவேண்டும். இதற்குமேல் எதிர்பார்ப்பு இல்லை.

ஆயினும், தோற்றம் இப்படி என்பதற்காக முடிவும் இப்படியே இருக்கவேண்டும் என்பதில்லை. 1907ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டிலே இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று நமது நாட்டிலே. அவ்வாண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலே கல்வி புகட்டுவதும், அதற்கு ஓர் இடம் ஒதுக்குவதும் தோட்டத்துத் துரையின் கடமை என்று விதித்தது. மற்றொன்று இத்தாலியிலே. அவ்வாண்டு ஜனவரி 6ஆம் நாள், உரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், மரியா மொண்டிசோரி என்ற பெண் வைத்தியர் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற ஒன்றைத் தொடங்கினார்.

அந்த இல்லத்துக்கு இடம் கொடுத்தவர்கள் கட்டடத்துச் சொந்தக்காரர்கள். ஏன் கொடுத்தார்கள்? பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டுகளிலே ஓடிச் சுவர்களைப் பாழாக்கினார்கள். சுவரைக் காப்பாற்றப் பிள்ளைகளை ஓர் அறையிலே அடைக்க வேண்டியிருந்தது. நமது மடுவம் கொழுந்துக்காகத் தோன்றியது போல, அந்த இல்லமும் சுவருக்காகவே தோன்றியது. ஆனால், உள்ளே நின்ற அம்மையார் பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்தார். அவர்கள் கைக்கு அடங்கும் பொருள்களைக் கொடுத்தார். அடுக்கவும், ஊற்றவும், துடைக்கவும், பிரித்து வைக்கவும் விட்டார். மூடர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் தாமாகவே எழுதவும் வாசிக்கவும் முற்பட்டார்கள். உலகம் அதைப் பார்க்க ஓடிவந்தது. அவ்வம்மையாரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, நம்மவருக்கும் பயிற்சி அளித்தார். யாருடைய நன்மைக்காகக் கட்டப்பட்டதோ, அந்த அறையை யாருடைய நன்மைக்காக மாற்றலாம் என்பது உள்ளே நிற்பவரின் மனத்தைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் நாட்டுச் சட்டம் என்ன ஆயிற்று? கடமை ஏட்டிலே இருந்தது. பல தோட்டங்களில் ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியருமாக அது ஒடுங்கிற்று. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்குப் புறத்தேயே நின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பாடசாலைக்கே இந்தப் பாடாயின், பாடசாலைக்கு முந்திய வயதை யார் நினைத்தார்கள்?

இன்றைய நிலை முன்போல் இல்லை என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும். 1992இல் தோற்றம் பெற்றுப் பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் கொண்ட நிறுவனத்தின் உதவியோடு பல மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறியிருக்கின்றன. ஆயா என்ற பெயர் போய், பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயர் வந்திருக்கிறது. 2015இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய முன்பிள்ளைப் பருவத் திட்டத்திலும் தோட்டங்களுக்கு ஒரு பங்கு கிடைத்தது. பெயர்ப்பலகை மாறிவிட்டது, உள்ளே இருப்பதும் மாறியதா?

பல்கலைக்கழக விடுமுறையிலே நாங்கள் சிலர் இப்பக்கத்துத் தோட்டங்களில் இத்தகைய நிலையங்களைச் சென்று பார்த்தோம். பெயர் சொல்லப்போவதில்லை, குறை காண்பது நோக்கமன்று. ஒரு நிலையத்துச் சுவரிலே படங்கள் தொங்கின. பெரியவர்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்திலே அவை இருந்தன. அப்பிள், முந்திரிகை, வரிக்குதிரை, கப்பல். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, “இது என்னம்மா?” என்று கேட்டோம். அவள் வாய் திறக்கவில்லை. “இந்தப் பிள்ளை மந்தம்” என்று அருகில் நின்ற ஒருவர் சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

சிறிது நேரங் கழித்து வெளியே வந்தபோது அதே சிறுமி சுவரோரமாகக் குந்தியிருந்து விறகுச் சுள்ளிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்தும் பாராமல் சொன்னாள்: “இது நெட்ட, இது குட்ட. நெட்டய அடியில வைக்கணும். இல்லாட்டி சரிஞ்சிரும்.”

அன்பர்களே, கணக்குப் பாடத்தின் முதல் அத்தியாயம் அந்தச் சுள்ளிக் குவியலிலே இருந்தது. நெடுமை, குறுமை, வரிசை, காரணம், காரியம் எல்லாம் அங்கே இருந்தன. அப்பிளைக் கேட்டோம்; அவள் ஊமை. விறகைக் கேட்டிருந்தால் அவள் ஆசிரியை. மந்தம் எங்கே இருந்தது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆதலால், பாடசாலைக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்வது என்றால் என்ன? அரிவரியை முன்கூட்டியே மனப்பாடம் செய்விப்பதன்று. “சும்மா விளையாட விடுகிறார்கள், எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை” என்று தாய்மார் முறையிடுவதைக் கேட்டிருக்கிறோம். அந்த ஆதங்கம் நியாயமானது. எழுத்துக்காக ஏங்கிய பரம்பரை அல்லவா? ஆனால், களிமண் பிசைந்த விரலே எழுதுகோலைப் பிடிக்கும். விடுகதையிலும் பாட்டிலும் ஓசையைப் பிரித்துக் கேட்ட காதே எழுத்தை இனங்காணும். தன் முறை வரும்வரை காத்திருந்து பழகிய பிள்ளையே நாற்பது பேர் இருக்கும் வகுப்பிலே கலங்காமல் இருக்கும். 1990களின் இறுதியிலே வந்த கல்விச் சீர்திருத்தம் முதலாம் தரத்துக்கே விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்று வழிகளைத்தான் வகுத்தது. பாடசாலையே விளையாட்டை ஏற்கும்போது, மடுவத்துப் பிள்ளையைப் பலகையின் முன்னே கைகட்டி இருத்துவது எதற்கு?

இரண்டு காரியங்களை மாத்திரம் வற்புறுத்த விரும்புகிறோம். ஒன்று உணவு, மற்றொன்று பேச்சு.

உணவைப் பற்றி நமக்கு ஒரு பழைய பாடம் உண்டு. சீர்காழிக் குளக்கரையிலே தந்தையைக் காணாது அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு உமையம்மை முதலிலே என்ன கொடுத்தாள்? பொற்கிண்ணத்திலே பாலைக் கொடுத்தாள். அந்தப் பாலிலே ஞானத்தைக் கலந்து கொடுத்தாள். பால் உள்ளே போனபின்னரே பாட்டு வெளியே வந்தது. திருஞானசம்பந்தருக்கு விழா எடுக்கும் நாம், அதே மூன்று வயதிலே பெற்றவளைக் காணாது மடுவத்தில் அழும் பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறோம்? சாயத்தண்ணியை. தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பிலே சேரவிடாமல் தடுக்கும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர். அடுத்த நிலையமான அம்பேவலையின் பண்ணையிலே பால் கறந்து நாடெல்லாம் போகிறது. அதன் வேலிக்கு இப்பால் லயத்துப் பிள்ளை சாயத்தண்ணியிலே ரொட்டியை நனைத்துத் தின்கிறது. இதைச் சொல்லிக் காட்டும்போது நமக்கே தொண்டை அடைக்கிறது.

பால் மாத்திரம் போதுமா? போதாது. யமேக்கா என்ற தீவும் நம்மைப் போலத் தோட்டத் தொழிலாலே உருவான நாடு. அங்கே, கிங்ஸ்டன் நகரிலே, 1986–87இல் உயரம் குன்றிய 129 ஏழைப் பிள்ளைகளை ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். சிலருக்குப் பால்மா கொடுத்தார்கள். சிலரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு சுகாதார உதவியாளர் சென்று, ஒரு மணிநேரம் தாயோடும் பிள்ளையோடும் விளையாடிப் பேசினார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன; சிலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இது இரண்டு ஆண்டுகள் நடந்தது. இருபது ஆண்டுகளின் பின் போய்ப் பார்த்தபோது, பால்மா மாத்திரம் பெற்றவர்களிடம் அதன் பயன் மங்கிப் போயிருந்தது. விளையாட்டும் பேச்சும் பெற்றவர்களோ, பெறாதவர்களைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 25 பங்கு அதிகமாக உழைத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய விளையாட்டுப் பொருள்கள் பெரும்பாலும் வீட்டிலே கழித்த சாமான்களைக் கொண்டு செய்தவையே. உமையம்மை பாலையும் ஞானத்தையும் ஒரே கிண்ணத்திலே கலந்ததன் பொருளை யமேக்காவிலிருந்து நாம் திரும்பக் கற்கிறோம்.

இனிப் பேச்சு. லயத்துப் பிள்ளை ‘புள்ள’ என்றும் ‘வூடு’ என்றும் பேசுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டு முதல் நாளே முகஞ் சுளித்தால் பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும். மூடிய வாயை மீண்டும் திறப்பது எளிதன்று. நியூசிலாந்திலே மாவோரி என்ற ஆதிக்குடிகள் தங்கள் மொழி அழிந்துபோவதைக் கண்டு, 1982இல் ‘மொழிக் கூடு’ என்று பொருள்படும் பாலர் நிலையங்களைத் தொடங்கினார்கள். அங்கே பட்டதாரிகள் வருமுன்னே பாட்டிமார் வந்தார்கள். பிள்ளைகளோடு தங்கள் மொழியிலேயே பேசினார்கள், பாடினார்கள், உறங்கவைத்தார்கள். நமது அம்மாயிமாரிடம் தாலாட்டு இல்லையா? விடுகதை இல்லையா? பொன்னர் சங்கர் கதை இல்லையா? சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தது நமக்குச் சொந்தமான செல்வம் உண்டு என்பதனால் அன்றோ? அந்தச் செல்வம் லயத்துத் திண்ணையிலே சாய்ந்திருக்கிறது. பத்து அடி தூரத்திலே மடுவத்துப் பிள்ளை வரிக்குதிரையைப் பார்த்து விழிக்கிறது. வீட்டுப் பேச்சிலே கால் ஊன்றிய பிள்ளையே பாடசாலைத் தமிழுக்கு ஏறும்; அதன்பின் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஏறும்.

“இது கோயில் வேலை செய்யும் வாலிபர் சங்கத்தின் காரியமா?” என்று சிலர் கேட்கலாம். ஆறுமுக நாவலரை நினைவூட்டுகிறோம். அவர் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்றவர். அங்கே கண்ட ஒழுங்கையும் முறையையும் மதித்தவர். அதை எடுத்துக்கொண்டு 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; சிறுவருக்கென்று பாலபாடங்களை எழுதினார். சைவத்தின் பெருங்காவலர், பிள்ளையின் முதற் புத்தகத்தைத் தம் கையாலே எழுதுவதைச் சிறு வேலையாக எண்ணவில்லை. நாங்களும் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். பாலர் வகுப்பிலே எங்களுக்குக் கிடைத்த பாட்டும், மணலும், பொறுமையான ஆசிரியையும் ஒரு மதத்துக்குச் சொந்தமான பொருள்கள் அல்ல. அவற்றை நம் லயத்துப் பிள்ளைக்குக் கொடுக்க யார் தடுக்கிறார்கள்?

ஆகவே சங்கத்தின் முன்னே நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது: விஜயதசமியன்று ஏடு தொடக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சங்கத்து ஏட்டிலே எழுதுவோம். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று அன்றே கேட்போம். இல்லையாயின் நமது வாலிபர் ஒருவர் தந்தையோடு பதிவாளர் கந்தோருக்குப் போகட்டும். ஐந்து வயதிலே அப்பிள்ளை பாடசாலையிலே சேரும் நாளிலேதான் அந்தப் பெயருக்கு எதிரே சரி போடுவோம்.

இரண்டாவது: திருவிழா அன்னதானத்துக்குச் சேரும் பணத்திலே ஒரு சிறு பங்கை ஒதுக்குவோம். அவித்த பயறு, கீரை, முட்டை, ஒரு கோப்பை பால் என்று இயன்றதை நிலையத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். பிள்ளையின் கோப்பையிலிருந்து சாயத்தை எடுத்துவிடுவோம். இதற்குத் தோட்டத்து அலுவலரையும் நிலையத்து உத்தியோகத்தரையும் கலந்துகொள்வோம். அந்த அம்மையார் பல பிள்ளைகளுக்குத் தனியொருத்தியாக நிற்கிறார்; நாம் குற்றம் பார்க்கப் போகவில்லை, கைகொடுக்கப் போகிறோம்.

மூன்றாவது: ஒவ்வொரு லயத்திலும் முதியவர்களிடம் உள்ள பாட்டு, விடுகதை, விளையாட்டு ஆகியவற்றை ஒரு கொப்பியிலே எழுதுவோம். வாரம் ஒருநாள் ஓர் அம்மாயியை நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். சுவர்ப்படங்களைப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்குவோம். அப்பிளுக்குப் பக்கத்திலே கொழுந்துக் கூடையையும், கரட்டையும், புகையிரதத்தையும் வரைந்து வைப்போம்.

நான்காவது: வகுப்புத் தொடங்குமுன் ஒருநாள், புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் தாய்மாரையும் பாடசாலைக்கு அழைத்துச் செல்வோம். வகுப்பு எது, தண்ணீர் எங்கே, மலசலகூடம் எங்கே என்று காட்டுவோம், ஆசிரியையோடு பேசவைப்போம். முதல் நாள் அழுகையிலே பாதி அறியாத இடத்தின் அச்சமே.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. மாலையிலே வீடு திரும்பியதும் பத்து நிமிடம் பிள்ளையோடு பேசுங்கள். “இன்று என்ன செய்தாய்?” என்று கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நண்பர்களே, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னே நம் முன்னோர் காடு கடந்து வந்த பாதையை நினைவுகூர்ந்து நடந்தார்கள். அந்தப் பாதையிலே வந்தவர்கள் பிள்ளைகளையும் தோளிலே தூக்கி வந்தார்கள். லயத்திலிருந்து பாடசாலை வாசலுக்கு உள்ள தூரம் அவ்வளவு இல்லை. ஆயினும் மூன்று வயதுக் கால்களுக்கு அது நெடுந்தூரம். தனியே நடக்க விடலாகாது.

அடுத்த விஜயதசமிக்கு ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பார். எழுதி முடித்ததும் விரலை விட்டுவிடுவார், அது முறை. விட்ட விரலை மறுநாட் காலை பிடித்துக்கொள்ள நம்மில் ஒருவர் கோயில் வாசலிலே நிற்கவேண்டும். அதற்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு கேட்டு அமர்கிறோம்.